நோட்டன் பிரிட்ஜில் நின்றுபோன வேலை: டி.ஜே. விமலசுரேந்திரவின் கதை

மலையகத்தில் மழை கொட்டும் மாதங்களில் செய்திகளில் தவறாமல் வரும் பெயர் ஒன்று இருக்கிறது. நோட்டன் பிரிட்ஜ் விமலசுரேந்திர நீர்த்தேக்கம் வான் பாய்கிறது, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும் என்ற அறிவித்தல். காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கெனியன், லக்சபான என்று அந்த வரிசையிலுள்ள மற்றவையெல்லாம் தோட்டத்தின் பெயர் அல்லது இடத்தின் பெயர். இது மட்டும் ஒரு மனிதனின் பெயர். அந்த மனிதன் யார் என்று நோட்டனில் தேத்தண்ணிக் கடையில் கேட்டால், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ கேட்டால் சொல்லவே வேண்டாம்.

ஒரு சிங்களப் பொறியியலாளரின் வாழ்க்கையை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அரசாங்கம் பணமின்றி முடங்குவதைத் தடுக்க சட்டம் செய்ய வேண்டும் என்ற பேச்சு இப்போது உலகெங்கும் கேட்கிறது. அமெரிக்காவில் 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாட்கள் நீடித்தது. 2025 ஒக்டோபரில் தொடங்கியது 43 நாட்கள். நமது நாட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை என்று நினைக்கிறோம். அலுவலகம் பூட்டப்படவில்லை, சம்பளம் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அரசு ஒரு வேலையைத் தொடங்கி, பணத்தை நிறுத்தி, ஒரு மலையையே பாதியில் விட்டுப்போன கதை நமக்கும் உண்டு. அது நடந்த இடம் நோட்டன் பிரிட்ஜ்.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874 செப்டெம்பர் 17இல் காலியில் பிறந்தார். கொழும்பு ஆனந்தா கல்லூரியில் படித்தார், தொழில்நுட்பக் கல்லூரியில் பயிற்சி பெற்றார், பொதுவேலைகள் திணைக்களத்தில் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று மின்பொறியியலும் கற்றுத் திரும்பினார். வெள்ளைக்காரர்களின் கோட்டையாக இருந்த திணைக்களத்தில் ஒரு சுதேசி பொறியியலாளர் தலை நிமிர்ந்து நிற்பது அக்காலத்தில் சின்ன விடயமல்ல.

களனி கங்கையின் மேல்புறக் கிளைகளில் தங்கம் இருக்கிறதா என்று ஆராயப் போன வேளையில்தான் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அவர் கண்ணில் பட்டன என்று அவரது வாழ்க்கையைச் சொல்பவர்கள் சொல்வார்கள். தங்கம் கிடைத்ததோ இல்லையோ, மலை உச்சியிலிருந்து குறுகிய தூரத்தில் பெரிய உயரம் இறங்கும் தண்ணீர் கிடைத்தது. நீர்மின்சாரத்துக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்: வற்றாத தண்ணீர், செங்குத்தான இறக்கம். ஹட்டனிலிருந்து நோட்டனுக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த இறக்கத்தை விளக்கத் தேவையில்லை.

1912இல் நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுக்க நானுஓயாப் பக்கம் பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்று எழுந்ததில் அவர் கை இருந்தது. தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவும் ஓடைத் தண்ணீரால் தங்கள் இயந்திரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்தன. ஆனால் தோட்டத்துக்கும் நகரத்துக்கும் அப்பால், முழு நாட்டுக்குமான மின்சாரம் என்ற கணக்கை முதலில் தாளில் போட்டவர் இவர். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் வாசித்த ஆய்வுரை அதைத்தான் சொன்னது: அபர்டீனிலும் லக்சபானவிலும் விழும் தண்ணீரைக் கட்டிப் பிடித்தால் கொழும்புக்கு வெளிச்சம் கொடுக்கலாம், ரயிலை ஓட்டலாம், கைத்தொழிலை வளர்க்கலாம்.

1920களின் நடுவில் அரசு இணங்கியது. வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் நின்றது. பணமில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். இறக்குமதி எண்ணெயையும் நிலக்கரியையும் விற்றவர்களுக்கு மலைத் தண்ணீர் பிடிக்கவில்லை என்பது பலர் நம்பிய காரணம். கொலன்னாவையில் எண்ணெயால் இயங்கும் மின் நிலையம் எழுந்து, அப்போதைய தேசாதிபதி ஸ்டான்லியின் பெயரையும் பெற்றது. அதற்குப் பணம் இருந்தது.

இங்கே பணம் எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1924க்குப் பின் சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள். அரசாங்கம் கேட்கும் பணத்தை வெட்ட அவர்களால் முடியும். ஆனால் அரசாங்கத்தை நடத்தும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. நடத்தும் பொறுப்பு தேசாதிபதிக்கு, பணப்பையின் முடிச்சு சபைக்கு. முட்டுக்கட்டை விழுந்தால் என்ன செய்வது? அதற்கும் ஒரு சட்டவழி வைத்திருந்தார்கள்: அதிமுக்கியமான விடயம் என்று தேசாதிபதி சான்றுப்படுத்தினால் சபையின் எதிர்ப்பை மீறி நிறைவேற்றலாம். அரசு முடங்காதிருக்க நம் நாட்டில் செய்த பழைய ஏற்பாடு இதுதான். 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு இந்தப் பொறுப்பில்லாத அதிகாரத்தைக் கடுமையாக விமர்சித்தது. ஆனாலும் தேசாதிபதியின் விசேட அதிகாரங்களைப் புதிய யாப்பிலும் விட்டுவைத்தது.

அந்த அதிகாரம் பிறந்தது ஆட்சி இயந்திரத்தைக் காப்பாற்ற. ஆற்றோரத்தில் பாதி வெட்டிய மலையைக் காப்பாற்ற அதில் இடமில்லை.

ஓய்வுபெற்ற விமலசுரேந்திர வீட்டில் இருக்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமையுடன் நடந்த முதல் தேர்தலில் இரத்தினபுரியில் நின்று அரசாங்க சபைக்குப் போனார். திணைக்களக் கோப்பில் தூங்கிய திட்டத்தைச் சபையில் எழுப்பினார். பணம் ஒதுக்குகிறவர்கள் இருக்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்று ஒரு பொறியியலாளர் கண்டுகொண்டது எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகச் சுவையான திருப்பமாகப் படுகிறது.

அந்தச் சபையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதும் நமக்கு முக்கியம். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. நோட்டன் அடங்கிய ஹட்டன் பகுதிக்கு பெரி. சுந்தரம் உறுப்பினராகவும் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் இருந்தார். 1936இல் அந்த ஆசனத்துக்கு கோ. நடேசய்யர் வந்தார். அன்று தோட்டத் தொழிலாளிக்கு, எத்தனை நிபந்தனை போட்டாலும், வாக்கு இருந்தது.

விமலசுரேந்திர ஒரு தவணைதான் சபையில் இருந்தார். திட்டம் பிறகும் இழுபட்டது, உலகப்போரும் குறுக்கே வந்தது. கடைசியில் நோட்டனில் கெஹெல்கமு ஓயாவுக்குக் குறுக்கே அணை எழுந்தது. மலைச்சரிவில் இரும்புக் குழாய்கள் இறங்கின. 1950இல் 25 மெகாவாட் திறனுடன் லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆய்வுரை வாசித்து 32 ஆண்டுகள். அப்போது அவருக்கு வயது 75ஐத் தாண்டியிருந்தது.

அந்த 1950இல் அணையைச் சுற்றிய தோட்டங்களில் வாழ்ந்த பெரும்பான்மையோர் நாடற்றவர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களுடைய வாக்கைப் பறித்துவிட்டன. எந்தச் சபைக்குப் போனால் பணம் கிடைக்கும் என்று விமலசுரேந்திர கண்டுகொண்டாரோ, அந்தச் சபையின் கதவு அவர்களுக்கு மூடப்பட்டது. அதன் விளைவு கண்முன்னே தெரிந்தது. உயர் அழுத்தக் கம்பிகள் தேயிலை மலைக்கு மேலால் கொழும்பு நோக்கிப் போயின. கீழே லயத்துக் காம்பராக்களில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான்.

1953 ஓகஸ்ட் 10இல் விமலசுரேந்திர காலமானார். இரண்டே நாளில், ஓகஸ்ட் 12இல், நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. வரவு-செலவுத் திட்டத்தில் அரிசி மானியத்தை வெட்டி, 25 சதமாக இருந்த கொத்து அரிசியை 70 சதமாக்கியதற்கு மக்கள் கொடுத்த பதில் அது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பணத்தைச் சபை மறுத்தால் அரசு நிற்கும் என்பது ஒரு வகை. சபை நிறைவேற்றிய பணக் கணக்கையே மக்கள் மறுத்தால் நாடு நிற்கும் என்பது இன்னொரு வகை. இரண்டாவதற்கு எந்தச் சட்டமூலமும் மருந்தில்லை.

முதல் வகைக்கு நம் யாப்பில் மருந்து இருக்கிறது. 1978 யாப்பின் 150ஆம் உறுப்புரையின்படி, ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேறுமுன் பாராளுமன்றம் கலைக்கப்பட்டால், புதிய பாராளுமன்றம் கூட அழைக்கப்படும் திகதியிலிருந்து மூன்று மாதம் வரை பொதுச் சேவைகளுக்கு வேண்டிய பணத்தைத் திரட்டு நிதியத்திலிருந்து எடுக்க ஜனாதிபதி அதிகாரமளிக்கலாம். 2018 ஒக்டோபர் அரசியல் சதிக்குப் பின் வரவு-செலவுத் திட்டம் இல்லாமல் ஆண்டு முடியப்போன வேளையில், டிசம்பரில் இடைக்கால கணக்கறிக்கை ஒன்றை நிறைவேற்றிச் சமாளித்தார்கள். 2020 மார்ச்சில் பாராளுமன்றத்தைக் கலைத்த பிறகு கொரோனாவால் தேர்தல் ஓகஸ்ட் வரை தள்ளிப்போனது. பாராளுமன்றம் இல்லாமலே ஜனாதிபதி 150ஐக் காட்டி மாதக்கணக்கில் செலவு செய்தார். அது சரியா என்ற வாதம் எழுந்தது. முடக்கத்தைத் தடுக்கும் சட்டம் ஒரு தனிமனிதனின் கையில் சாவியாக மாறியதை நாம் பார்த்தோம்.

அமெரிக்காவில் செனட்டர்கள் லாங்க்ஃபோர்டும் ஹாசனும் கொண்டுவந்த சட்டமூலம் வேறு வழி சொல்கிறது. பழைய ஒதுக்கீடு 14 நாட்களுக்கு ஒருமுறை தானாகவே நீடிக்கும். அதுவரை உறுப்பினர்கள் அரசு செலவில் ஊருக்குப் போக முடியாது. சாவியை ஜனாதிபதியிடம் கொடுக்காமல், சபையினரையே உள்ளே வைத்துப் பூட்டுகிற யோசனை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: தானாக நீடிப்பது போன வருடத்துக் கணக்கு. போன வருடத்துக் கணக்கில் பெயர் இல்லாதவனுக்கு இந்த வருடமும் இல்லை.

வடக்கு அதை அனுபவத்தில் அறியும். தேசிய மின்கட்டமைப்பிலிருந்து வந்ததை யாழ்ப்பாணத்தார் லக்சபான மின்சாரம் என்றே அழைத்தார்கள். 1990இல் போர் மீண்டபோது அந்த இணைப்பு போனது. பிறகு ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். கொழும்பில் ஒவ்வொரு ஆண்டும் வரவு-செலவுத் திட்டம் தவறாமல் நிறைவேறிக்கொண்டுதான் இருந்தது. சுன்னாகத்துக்குத் தேசிய மின்கட்டமைப்பு திரும்பி வந்தது 2013இல். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களின் நிலை இன்னும் விசித்திரம். பிறந்த இடத்தில் கம்பி தலைக்கு மேலால் போனது, வந்த இடத்தில் கம்பியே இல்லை.

1965இல் நோட்டன் பிரிட்ஜில் 50 மெகாவாட் திறனுள்ள இரண்டாவது மின் நிலையம் இயங்கியது. காசல்ரீயில் தேக்கிய தண்ணீர் சுரங்க வழியாக வந்து அதைச் சுழற்றுகிறது. அங்கிருந்து நோட்டன் அணைக்குள் விழுந்து மீண்டும் பழைய லக்சபானவுக்கு இறங்குகிறது. ஒரே தண்ணீர், இரண்டு முறை வேலை. அந்த நிலையத்துக்குத்தான் விமலசுரேந்திர என்று பெயர் வைத்தார்கள், அவர் இறந்து 12 ஆண்டுகள் கழித்து.