ஒத்தை பஸ்ஸில் தொடங்கி 280 பஸ் வரை: ஜி.டி.நாயுடு கதையில் இன்றைக்கு கார் ஓட்டுபவர்களுக்கு என்ன இருக்கு?

திருப்பூரில் இருந்து அவிநாசி, கருமத்தம்பட்டி வழியாக கோவைக்கு கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு ஜி.டி.நாயுடு என்ற பெயர் இப்போது தினமும் கண்ணில் படும் பெயர். கோவை அவிநாசி சாலையில் கோல்ட்வின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை நீளும் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபர் 9-ம் தேதி திறக்கப்பட்டது. சிக்னல் கிடையாது, குறுக்கே ஆள் வர மாட்டார்கள். ஏறின உடனே கால் தானாக ஆக்ஸிலேட்டரை அமுக்கும்.

இந்தியாவின் எடிசன் என்றுதான் அவரைப் பற்றிப் படித்திருப்போம். ரேடியோ, ஷேவிங் ரேசர், ஜூஸ் பிழியும் கருவி என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். ஆனால் இதுக்கெல்லாம் முன்னாடி அவர் ஒரு மெக்கானிக், அப்புறம் ஒரு பஸ் டிரைவர். அந்தக் கதை அதிகம் பேசப்படுவதில்லை. கார் வைத்திருக்கும் நமக்குத் தேவைப்படுவதோ அதுதான்.

பைக்கைப் பிரித்துப் போட்ட பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ம் தேதி சூலூர் பக்கம் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். பள்ளிக்கூடப் படிப்பு ஆரம்ப வகுப்புகளைத் தாண்டவில்லை.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானாக ஓடும் வண்டியைப் பார்த்த துரைசாமிக்கு அது மாதிரி ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்தது. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். ரட்ஜ் கம்பெனி வண்டி அது.

வாங்கியவர் முதலில் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். திரும்பவும் பூட்டினார். எது எதைச் சுற்றுகிறது, எது தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்று கையாலேயே கற்றுக்கொண்டார். அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

இன்றைக்கு காரை யாரும் கழற்றச் சொல்லவில்லை. எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த இன்றைய காரில் அது வேண்டாத வேலையும் கூட. ஆனால் காருடன் வந்த மேனுவல் புத்தகத்தின் பிளாஸ்டிக் கவரையாவது எத்தனை பேர் கிழித்திருப்போம்?

திருப்பூரில் சம்பாதித்து பம்பாயில் விட்டவர்

பின்னலாடைக்கு முந்தைய திருப்பூர், பருத்தி ஊர். முதல் உலகப் போர் காலத்தில் நாயுடு இங்கே பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல காசு பார்த்தார். அந்தக் காசோடு பம்பாய் பருத்திச் சந்தைக்குப் போனவர், எல்லாவற்றையும் இழந்து திரும்பினார். ஆர்டரும் விலையும் ஏறி இறங்கும் ஊரில் இருக்கும் நம்மாட்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கோவையில் தொழில் நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ், அவருடைய கைத்திறமையைப் பார்த்துக் கடன் கொடுத்து உதவினார். 1920-ல் ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு. ஓட்டியது நாயுடுவேதான்.

பொள்ளாச்சி - பழனி ரோடு உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் போகிறது. அதாவது இன்றைய திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேதான் அவருடைய பஸ் ஓடியிருக்கிறது. தைப்பூசம், பங்குனி உத்திரம் சமயத்தில் பழனிக்கு கார் எடுக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் இந்த ரோட்டில்தான் போகின்றன. இருட்டில் சாலையோரம் பாதயாத்திரை பக்தர்கள் நடந்துபோவார்கள். எதிரே வண்டி வரும்போது ஹெட்லைட்டை டிம் பண்ணாமல் ஓட்டினால், எதிரே வருகிறவரின் கண்ணுக்கு ஓரத்தில் நடக்கும் ஆள் தெரியவே மாட்டார்.

நேரத்துக்குப் போனது எப்படி?

அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்று வளர்ந்தது. 1930-களில் 280 பஸ்கள் வரை ஓடின. யு.எம்.எஸ். பஸ் நேரம் தவறாது என்று பெயர் வாங்கியது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். அந்தக் கால ரோட்டில், அந்தக் கால எஞ்சினை வைத்துக்கொண்டு வேகமாக ஓட்டி நேரத்தைப் பிடிக்க முடியாது. வழியில் நிற்காமல் போனால்தான் உண்டு. எஞ்சினின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவியும் நாயுடு உருவாக்கிய சாதனங்களில் இருந்தது. பஸ் நடுரோட்டில் நின்ற பிறகு பார்ப்பதைவிட, அது உதறும்போதே கண்டுபிடிக்கிற வழி.

நம்ம காரும் இப்படி உதறித்தான் சொல்லும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா? பெரும்பாலும் வீல் பேலன்சிங் போயிருக்கும். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கையை லேசாக விட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் அலைன்மென்ட், அல்லது ஒரு டயரில் காற்று குறைவு. பாட்டு சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டால் இதெல்லாம் தெரியாது.

காற்று எவ்வளவு என்று பெட்ரோல் பங்க் பையனிடம் கேட்கிறோம். பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இரண்டு பேர் போனால் ஒரு அளவு, அஞ்சு பேரும் லக்கேஜும் ஏறினால் வேறு அளவு. டயர் சூடாவதற்கு முன்னாடி பார்க்க வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மாற்றியே ஆகணும். பள்ளத்துக்குள் குட்டியாக ஒரு மேடு வைத்திருப்பார்கள், ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் கதை முடிந்தது. மழை ரோட்டில் அந்த டயர் தண்ணீரை வெளியே தள்ளாது, கார் வழுக்கும்.

மறுபடி மேம்பாலத்துக்கு வருவோம். அந்த 10.1 கிலோமீட்டரை 60-ல் போனால் 10 நிமிடம். 100-ல் போனால் 6 நிமிடம். மிச்சமாவது 4 நிமிடம், ஒரு டீ குடிக்கிற நேரம். அதற்குக் கொடுக்கிற விலை என்ன? 60-ல் போகும் கார், ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்தால், காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு சுமார் 37 மீட்டரில் நிற்கும். 100-ல் போனால் 80 மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நாலு மடங்கு ஆகும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் திருப்பூர் ரோடுகளில் கம்பெனி வேன், துணி ரோல் ஏற்றிய டெம்போ, பைக் எல்லாம் எவ்வளவு நெருக்கிப் போகும் என்று நமக்கே தெரியும்.

வராமல் போன 2,000 ரூபாய் கார்

1937-ல் நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் தயாரித்தார்கள். 1945-ல் அவர் முயற்சியில் தொடங்கிய பொறியியல் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாலு வருஷப் படிப்பு தேவையில்லை, செய்து பழகினால் சீக்கிரமே கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அரசோடு ஒத்துப்போகவில்லை, விலகிவிட்டார்.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய கார். அரசு லைசென்ஸ் தரவில்லை. அந்த ஆதங்கம் கோவைக்காரர்களுக்கு இன்னமும் உண்டு.

ஆனால் ஒரு விஷயம். அந்தக் கார் வந்திருந்தால் அதில் இன்றைய சீட் பெல்ட் இருந்திருக்காது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட் 1959-ல்தான் வால்வோ கார்களில் வந்தது. நம்ம கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் ஆனது 2019-ல். டிரைவர் ஏர்பேக் கட்டாயம் ஆனதும் அதே வருஷம். பாரத் என்கேப் ஸ்டார் மதிப்பீடு 2023 அக்டோபரில் தொடங்கியது.

இவ்வளவு வந்த பிறகும் பின்சீட்டில் பெல்ட் போடுகிறவர்கள் குறைவு. அபராதம் 1,000 ரூபாய் என்பது இருக்கட்டும், மோதலில் பின்னால் இருப்பவர் முன்சீட்டின் மேல் பாய்வார், முன்னால் இருப்பவரும் சேர்ந்து அடிபடுவார். ஏர்பேக் என்பது பெல்ட் போட்டவரை மனதில் வைத்து வடிவமைத்தது. ஏ.பி.எஸ். இருக்கும் காரில் சட்டென்று பிரேக் போடும்போது பெடல் காலுக்கடியில் துடிக்கும். பயந்துபோய் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. அழுத்தி மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகலாம், அதுக்காகத்தான் அது இருக்கிறது.

நாயுடு 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார். கார்களுக்காக அவர் குடும்பத்தினர் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியம் அதே அவிநாசி சாலையில்தான் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே உள்ள ரோட்டில் போக வேண்டும்.