கசையடிக்கு அஞ்சாத இமாம்

ரமலான் மாதம். பாக்தாத் நகரில் கலீபாவின் அரண்மனை. நடுவே ஒரு மனிதர் கட்டப்பட்டு நின்றார். வயது ஐம்பதைத் தாண்டியவர். அன்று நோன்பும் வைத்திருந்தார்.

கசை வீசுவோர் மாறி மாறி வந்தார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர். முதுகு கிழிந்தது. ரத்தம் ஓடியது. கடைசியில் அவர் மயங்கி விழுந்தார்.

அவர் கொலை செய்தவர் அல்ல. கொள்ளை அடித்தவரும் அல்ல. அரசர் சொல்லச் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறுத்தார். அதுதான் குற்றம்!

அவர்தான் இமாம் அகமது இப்னு ஹன்பல். ஆண்டு கி.பி. 834.

கூலி வேலை செய்து படித்தார்

அகமது 780-ம் ஆண்டு பாக்தாதில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய்தான் வளர்த்தார்.

நபிகள் நாயகத்தின் வாக்குகளைத் தேடித் தேடிச் சேகரிப்பதே அவருக்கு வேலை. இதற்காக ஊர் ஊராக அலைந்தார். ஏமன் நாட்டுக்குப் போகும் வழியில் கையில் இருந்த காசு தீர்ந்துவிட்டது. யாரிடமும் கை நீட்டவில்லை. ஒட்டகக்காரர்களிடம் மூட்டை தூக்கிக் கூலி வாங்கினார். அப்படியே பயணத்தை முடித்தார். அவர் தொகுத்த 'முஸ்னத்' என்ற நூலில் 27 ஆயிரத்துக்கு மேற்பட்ட நபிமொழிகள் உள்ளன.

நம் கடற்கரை ஊர்களில் முஸ்லிம்கள் பலர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறார்கள் அல்லவா? அந்த இமாம் ஷாஃபியிடம் பாடம் கேட்டவர்தான் இந்த அகமது.

கலீபாவின் கட்டளை

அப்போது ஆண்டவர் கலீபா மாமூன். 'ஆயிரத்தொரு இரவுகள்' கதையில் வரும் ஹாரூன் அல் ரஷீதின் மகன். நல்ல படிப்பாளி. கிரேக்க நூல்களை அரபியில் மொழிபெயர்க்கச் செய்தவர். ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. மக்கள் எதை நம்ப வேண்டும் என்பதையும் தாமே முடிவு செய்ய வேண்டும் என்று விரும்பினார்.

திருக்குர்ஆன் இறைவனால் படைக்கப்பட்டதா, அல்லது அது இறைவனின் சொல்லாக என்றும் உள்ளதா என்று அறிஞர்களிடையே வாதம் நடந்து வந்தது. படைக்கப்பட்டதே என்பது மாமூனின் கொள்கை. 833-ம் ஆண்டு ஓர் உத்தரவு போட்டார். நீதிபதிகளும் அறிஞர்களும் இதை ஒப்புக்கொண்டாக வேண்டும், மறுத்தால் தண்டனை!

பலர் பயந்து தலை ஆட்டினார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. பிள்ளை குட்டிக்காரர்கள் பாவம், என்ன செய்வார்கள்?

அகமதுவும் முகமது இப்னு நூஹ் என்ற இளைஞரும் அசையவில்லை. இருவருக்கும் விலங்கு பூட்டி எல்லைப்புறத்தில் இருந்த கலீபாவிடம் அனுப்பினார்கள். போய்ச் சேருவதற்குள் மாமூன் இறந்துவிட்டார். திரும்பும் வழியில் இளைஞர் நூஹும் இறந்துபோனார். அகமது தனி ஆளாகப் பாக்தாத் சிறைக்கு வந்தார்.

திருடன் கொடுத்த தைரியம்

மாமூனின் தம்பி முஃதசிம் கலீபா ஆனார். அவர் முன்னால் மூன்று நாள் விசாரணை நடந்தது. குர்ஆனிலிருந்தோ, நபிகள் வழியிலிருந்தோ ஆதாரம் காட்டினால் ஒப்புக்கொள்வதாக அகமது திரும்பத் திரும்பச் சொன்னார். ஆதாரத்துக்குப் பதில் கசை வந்தது.

அப்போது நடந்ததாக ஒரு செய்தி சொல்வார்கள். அடி வாங்கப் போகும் அகமதுவிடம் ஒரு பழைய திருடன் வந்தானாம். திருட்டுக்காக ஆயிரக்கணக்கில் கசையடி வாங்கியும் தான் உண்மையைக் கக்கவில்லை என்றும், சைத்தானுக்காகத் தான் பொறுத்ததை இறைவனுக்காக அவர் பொறுக்கக் கூடாதா என்றும் கேட்டானாம். அந்தத் திருடனுக்காக அகமது கடைசி வரை பிரார்த்தனை செய்து வந்தாராம்!

அடிபட்ட பின் தண்ணீர் கொடுத்தார்கள். நோன்பை முறிக்க மாட்டேன் என்று குடிக்க மறுத்தார். மருத்துவர் வந்து செத்த சதையை வெட்டி எடுத்தார்.

தம்மை அடிக்க வைத்த முஃதசிமைப் பின்னாளில் மன்னித்துவிட்டார்.

கலகத்துக்கும் சம்மதிக்கவில்லை

அடுத்த கலீபா வாத்திக். கொடுமை தொடர்ந்தது. ஆத்திரம் கொண்ட சிலர் அகமதுவிடம் வந்து, ஆட்சியை எதிர்த்துக் கிளம்பலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். கலகம் வந்தால் அப்பாவி மக்களின் ரத்தம் ஓடும் என்பது அவர் அச்சம். அரசர் சொன்ன பொய்யை ஒப்பவும் மாட்டார். அரசருக்கு எதிராக வாள் எடுக்கவும் மாட்டார். இது கோழைத்தனம் என்று சிலருக்குத் தோன்றலாம். முதுகில் தழும்போடு இருந்தவரை அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

847-ல் முத்தவக்கில் பட்டத்துக்கு வந்தார். சில ஆண்டுகளில் விசாரணைகளை நிறுத்தினார். அகமதுவுக்கு மரியாதை செய்தார். பணம் அனுப்பினார், விருந்து அனுப்பினார். கசையை விட இதுதான் அவருக்குப் பெரிய சோதனையாக இருந்தது! அரண்மனைச் சாப்பாட்டை அவர் தொடவில்லை.

ஆனால் மகன்கள் அரசுப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். குடும்பம் பெரிது, வருமானமோ சொற்பம். அகமது மனம் நொந்தார். மகன் வீட்டுக்கும் தம் வீட்டுக்கும் இடையே இருந்த கதவை அடைத்தார். அந்த வீட்டு அடுப்பில் சுட்ட ரொட்டியைக்கூட உண்ண மறுத்தார்.

855-ம் ஆண்டு தமது 75-வது வயதில் அவர் காலமானார். பாக்தாதின் தெருக்கள் கொள்ளாமல் கூட்டம் வந்தது. டைகிரிஸ் ஆற்றில் படகுகளில் நின்றும் தொழுதார்கள். அதே ஆறு பல நூற்றாண்டுகளுக்குப் பின் வெள்ளமாக வந்து அவருடைய கல்லறையை அடித்துச் சென்றது.