வாங்காத சம்பளம்

கல்கத்தாவிற்கு நான் வந்து இரண்டாண்டு ஆகிறது. பகலில் பௌதிகம் படிக்கிறேன். மாலையில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பாடம் சொல்கிறேன். வெளியூர்க்காரன் என்பதால் எனக்கு மற்றவர்களைவிடக் குறைந்த சம்பளம். சங்கம் ஏதும் இல்லை. கேட்டால், நாளை முதல் வரவேண்டாம் என்பார்கள். இந்தக் கசப்போடுதான் ஜகதீச சந்திர போஸின் வரலாற்றைப் படித்தேன்.

செடிகளுக்கும் உணர்ச்சி உண்டென்று ஆராய்ந்தவர் என்றே பள்ளியில் அவரை அறிந்தோம். எனக்கோ அவருடைய முதல் மூன்றாண்டு உத்தியோகந்தான் பெரிதாகத் தோன்றுகிறது.

1858 நவம்பர் 30-இல் பிறந்தவர். தந்தை பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. நாட்டுத் தொழில்களில் பணம் போட்டுக் கடனாளியானவர். கேம்பிரிட்ஜில் ரேலி பிரபுவிடம் பயின்ற மகன் 1885-இல் திரும்பி, பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். அன்று அதே வேலைக்கு, ஐரோப்பியர் பெற்றதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. பதவி தற்காலிகம் என்று காட்டி அதிலும் பாதியைப் பிடித்தார்கள். ஆக, மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு!

போஸ் வேலையை விடவில்லை, வகுப்பையும் நிறுத்தவில்லை. சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதமா, இரண்டு மாதமா? மூன்று ஆண்டுகள்!

இடையில் 1887-இல் திருமணம். மனைவி அபலா நம் சென்னையில் மருத்துவம் படித்து, உடல்நலக் குறைவால் முடிக்காமல் திரும்பியவர். செலவைக் குறைக்கச் சந்தன்நகரில் குடியிருந்தார்கள். போஸ் படகு வலித்து ஹூக்ளியைக் கடந்து, அக்கரையில் ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போவார். அபலா படகைத் திருப்பிக்கொண்டு வருவார். அந்தக் கரையில் ஒருநாள் நின்று பார்த்தேன். ஆறு குறுகலானதல்ல.

முடிவில் அரசாங்கம் இறங்கி வந்தது. சேர்ந்த நாள் முதலே பதவி நிரந்தரம் என்று கொண்டு, முழுச் சம்பள நிலுவையும் கொடுத்தது. அது தந்தையின் கடனுக்குப் போயிற்று.

பிறகு நடந்தது பலரும் அறிந்தது. சிறு அறையொன்றில், கல்கத்தாத் தகரக் கொல்லர் துணையோடு கருவி செய்தார். 1895-இல் நகர மண்டபத்தில், கம்பியில்லாமல் சுவரைக் கடந்த அலைகளால் மணி அடிக்கச் செய்தார். 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1937-இல் கிரிதியில் காலமானார்.

ஆனால் ஓர் ஐயம். அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டமும், ரிப்பன் பிரபுவின் ஆதரவும் இருந்தன. நான் சம்பளத்தை வாங்காவிட்டால் என் முதலாளி மகிழ்ச்சியோடு பையில் போட்டுக்கொள்வார்! போஸ் வாங்காத பணமோ, மாதந்தோறும் அரசாங்கக் கணக்கில் தீராத பாக்கியாக நின்றது. குறைந்த தொகையை ஒருமுறை வாங்கியிருந்தால் அதுவே அவர் விலையாகியிருக்கும்.

அவர் வழி எனக்கு ஒத்துவராது. எனினும் சென்ற வாரம் ஆசிரியர்கள் நால்வர் தேநீர்க் கடையில் கூடி, அவரவர் சம்பளத்தை ஒரே தாளில் எழுதிப் பார்த்தோம். என்னைவிடக் குறைவாக வாங்குபவர் ஒருவரும் இருந்தார். அந்தத் தாள் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது.