தேசபக்தன் கோ. நடேசய்யரும் தோட்டத்துப் பாட்டுப் புத்தகமும்

மலைநாட்டுத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் கோ. நடேசய்யரின் பெயரைக் கூறாது மேற்செல்லுதல் இயலாது. தோட்டத் தொழிலாளர்க்கெனத் தொழிற்சங்கம் கண்டவர் என்றும், பத்திரிகாசிரியர் என்றும், சட்டசபையில் அவர்தம் குறைகளை எடுத்துரைத்தவர் என்றும் அன்னாரைப் போற்றுவர். அவை யாவும் உண்மையே. ஆயினும் எழுத்தறியாத ஒரு பெருங்கூட்டத்திற்கு அச்சிட்ட பாட்டைக் கருவியாக்கித் தந்தவர்களுள் அவரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் முன்னிற்பவர்கள் என்பது பெரும்பாலும் ஓரிரு வரிகளிலே சொல்லி முடிக்கப்படுகின்றது. நம் கல்லூரியில் இசை பயிலும் மாணவரும் இம்மலரைப் படிப்பாராதலின், அப்பகுதியைச் சற்று விரித்தே எழுத எண்ணினேன்.

நடேசய்யர் 1887ஆம் ஆண்டு தஞ்சைச் சீமையிலே பிறந்தவர். சங்கீதத்திற்குப் பெயர்பெற்ற மண்ணாயினும் அவரது இளமைக்கால நாட்டம் வேறு திசையிலே சென்றது. வாணிகக் கல்வியில் ஈடுபட்டு, வணிகர்களுக்குப் பயன்படும் எளிய நூல்களை எழுதி, வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையையும் நடத்தினார். கடினமான பொருளைச் சாமானியர்க்கு விளங்கும் நடையில் எழுதும் பழக்கம் இக்காலத்திலே அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் இப்பழக்கமே அடித்தளம் என்பது என் கருத்து.

தஞ்சை வணிகர்களோடு கொண்ட தொடர்பே அவரை இலங்கைக்கு ஈர்த்தது. இங்கு வந்தபோது தேயிலைத் தோட்டங்களில் வாழும் தம் நாட்டவரின் நிலையை நேரிற் காண விழைந்தார். காண்பது எளிதாக இருக்கவில்லை. தோட்டம் என்பது துரையின் தனியுடைமை. அவரது அனுமதியின்றி உள்ளே காலெடுத்து வைப்பவர் அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்திற்கு ஆளாவர். வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் புகவியலாத அவ்விடத்தில் புடவை வியாபாரி மட்டும் மூட்டையோடு புகலாம். ஆதலால் நடேசய்யரும் புடவை வியாபாரி வேடத்திலே லயங்களுக்குட் சென்று, அங்கு கண்டவற்றைப் பின்னர் நூலாக எழுதி வெளியிட்டார் என்பர். மூடிய வாயிலை எவ்வாறு கடப்பது என்ற கேள்வி அன்று அவர் முன் எழுந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் அதற்கு விடை தேடுவதிலேயே கழிந்தது எனலாம்.

இங்கே சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். தோட்டத்திற்கென அச்சிட்ட பாட்டுப் புத்தகம் நடேசய்யர் காலத்திலே தோன்றிய புதுமையன்று. கோப்பிப் பயிர் செழித்திருந்த 1869ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் ஜோசப் என்பவர் கோப்பிக் கிருஷிக் கும்மி என்னும் நூலை வெளியிட்டிருந்தார். காடு வெட்டுதல் முதலாகக் கோப்பிச் செய்கையின் படிகளைக் கும்மி மெட்டிலே கற்பிக்கும் அந்நூல், துரைமாரின் பெருமையையும் தொழிலாளி பணிந்து நடக்க வேண்டிய முறையையும் உடன் கற்பித்தது. பாட்டு மூலம் பாடம் புகட்டலாம் என்பதை முதலாளிமார் பக்கத்தவர் முன்னரே நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இது போதிய சான்று. அதே கருவியைத் தொழிலாளியின் கையிலே திருப்பிக் கொடுப்பதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

இலங்கையிலே நிலைத்துத் தங்கிய நடேசய்யர் முதலில் கொழும்பையே களமாகக் கொண்டார். தேசநேசன் பத்திரிகையிலும், 1924 முதல் தேசபக்தன் பத்திரிகையிலும் அவர் எழுதியவை தோட்டத் துரைமாருக்கும் அரசாங்கத்தாருக்கும் உறுத்தலாயின. அவரை நாடு கடத்துவது பற்றியும் அதிகாரிகள் ஆலோசித்ததுண்டு. ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்திலே சேர்ந்து அதன் உபதலைவராகவும் பணியாற்றினார். 1925 முதல் சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாக அமர்ந்தார். பின்னர் அச்சங்கத்திலே இந்தியத் தொழிலாளர்க்கு எதிரான குரல் எழவே, அதிலிருந்து விலகினார். நட்புக் கெட்ட கதையை இங்கு விரிப்பதாற் பயனில்லை. அப்பிரிவினாலேதான் அவர் மலைநாட்டை நோக்கித் திரும்பினார் என்பதைக் குறித்தாற் போதும்.

1931ஆம் ஆண்டு ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவாயிற்று. அக்காலத்து நிலையைச் சில எண்களே காட்டும். மலைநாட்டுத் தோட்டங்களில் சட்டப்படி விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். உலகச் சந்தையிலே தேயிலை விலை வீழ்ந்தபோது அதிலும் கைவைக்கப்பட்டது. இவ்வெண்களைத் தொழிலாளிக்கு அறிவிப்பது எவ்வாறு? தேசபக்தன் தோட்டத்திற்குட் சென்றாலும் படிப்பவர் சிலரே. கூட்டம் போடுவதற்குத் தோட்டத்திலே இடமில்லை. சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சாமான் வாங்க நகரத்திற்கு வரும் மக்களைத்தான் பிடிக்க வேண்டும். கடைத்தெருவுக்கு வந்தவனை நிறுத்தி ஒரு மணி நேரம் சட்டம் விளக்கினால் அவன் நிற்பானா?

மீனாட்சி அம்மையாரின் குரல் இவ்விடத்திலே துணைக்கு வந்தது. இவ்வம்மையார் தேசபக்தன் பணியிலும் பங்குகொண்டு, பெண்கள் முன்னேற்றம் குறித்து எழுதியவர். கூட்டங்களிலே கணவர் பேசுவதற்கு முன் இவர் பாடுவார். பாரதியாரின் பாடல்களையும், தொழிலாளர் துயர் பற்றித் தாமே இயற்றியவற்றையும் பாடினார். பெண்ணொருத்தி பொதுமேடையேறிப் பாடுவது அந்நாளில் அரிய காட்சி. மக்கள் நின்றனர், கேட்டனர், அதன் பின்னரே நடேசய்யரின் பேச்சையும் கேட்டனர். அவரது செல்வாக்கில் அம்மையாரின் குரலுக்குரிய பங்கை நாம் இன்னும் சரியாக அளந்து கொடுக்கவில்லை என்றே எண்ணுகின்றேன்.

1937இல் நடேசய்யர் தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம் என்னும் நூலை வெளியிட்டார். 1940இல் மீனாட்சி அம்மையாரின் பெயரில் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் பாட்டுப் புத்தகம் வந்தது. அது வெளிவந்த காலம் நெருக்கடியானது. அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்க 1939இல் முடிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் முதல் சாதாரணத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடுத்தது. போக்குவரத்து அறுந்து போகுமோ, இருக்குமிடமும் இல்லாமற் போகுமோ என்று மக்கள் கலங்கிய வேளையிலே அவ்வச்சத்தையே பொருளாகக் கொண்டு பாட்டுக்கள் எழுந்தன.

இத்தகைய புத்தகம் இசைக்கருவியாக எவ்வாறு பயன்படும் என்பதை இசை மாணவர் கருத வேண்டும். மேனாட்டாரின் இசை ஐந்து கோடுகளின் மேல் எழுதப்பட்ட சுரத்தாளிலே வரும். நம் வித்துவான்கள் ச, ரி, க, ம என்று எழுத்திலே சுரம் அமைப்பர். தோட்டத்துப் பாட்டுப் புத்தகத்திலோ இவை இரண்டும் இல்லை. மக்கள் முன்னரே அறிந்த ஒரு பாட்டின் மெட்டு எதுவென்று தலைப்பிலே குறித்துவிட்டால், சுரம் முழுவதும் பாடுபவனின் நினைவிலிருந்தே கிடைத்துவிடும். நாடகக் கொட்டகையிலோ, தேத்தண்ணிக் கடையின் கிராமபோன் இசைத்தட்டிலோ, 1931க்குப் பின் பேசத் தொடங்கிய தமிழ்ப் படங்களிலோ கேட்ட மெட்டு எதுவாயினும் ஆகும். எழுத்தறிந்த ஒருவன் அடியைப் படித்தால் லயத்திலே பத்துப் பேர் பின்பாட்டுப் பாடுவர். மறுநாள் புத்தகம் வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்ணின் நெஞ்சிலே பாட்டு ஏறியிருக்கும். துரையின் காவற்காரன் அதைச் சோதித்துப் பறிக்க இயலாது.

இம்முறை நடேசய்யர் தம்பதியர் கண்டுபிடித்ததன்று. சென்னைக் குஜிலிக் கடைகளிலே ஒரு நூற்றாண்டாகச் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் இவ்வாறே அமைந்தன. 1908இல் பாரதியார் வெளியிட்ட ஸ்வதேச கீதங்களும் பாடுவதற்கென்றே வந்தவை. கடல் கடந்து அமெரிக்காவிலே 1909 முதல் தொழிலாளர் சங்கமொன்று சிவப்பு அட்டையிட்ட சிறு பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டு வந்தது. 1915இல் மரண தண்டனைக்கு ஆளான ஜோ ஹில் என்னும் தொழிலாளி அதிலே தேவாலய மெட்டுக்களுக்குத் தொழிலாளரின் சொற்களைப் பொருத்தினார். சிக்காகோவின் செய்தி ஹட்டனுக்கு எட்டியிருக்க வேண்டுமென்பதில்லை. வாயில் அடைபட்ட இடமெல்லாம் மனிதர் இவ்வழியையே நாடினர் போலும்.

மலைநாட்டிலே அக்காலத்தில் இருவகை இசை ஒன்றையொன்று அறியாது வாழ்ந்தது. துரைமாரின் கிளப்புகளிலே பியானோவும், சீமையிலிருந்து கப்பலேறி வந்த நடனத் தாள்களும், ஜாஸ் இசைத்தட்டுக்களும் இருந்தன. அந்த ஜாஸ் இசையும் தோட்டங்களிலே அடிமைப்பட்டுழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் ஈன்றது என்பதைக் கிளப்பில் ஆடியோர் எத்தனை பேர் நினைத்திருப்பர்! கீழே லயத்திலோ தப்பு ஒன்றே தலையாய வாத்தியம். விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு எழுப்பியதும் தப்பு. மாசி மாதத்திலே காமன் கூத்துக்கு முழங்கியதும் தப்பு. வேலைக்கு விரட்டிய ஓசையே விழாவுக்கும் ஓசையாகிய அம்மக்களுக்குத் துரையை நோக்கிக் கேள்வி கேட்கும் பாட்டு முற்றிலும் புதிதாகவே ஒலித்திருக்கும்.

கவிதை என்ற அளவுகோலைக் கொண்டு நோக்கினால் அப்பாட்டுக்களிலே குறை காணலாம். யாப்பிலக்கணம் அறிந்த ஆசிரியர்கள் நம் கல்லூரியிலே பலர் இருந்தனர். அவர்கள் கையிற் கிடைத்திருந்தால் சிவப்பு மை நிறையச் செலவாகியிருக்கும். சொல் மெட்டுக்கு வளைந்திருக்கும். செய்தி சில இடங்களிலே பத்திரிகைத் தலையங்கம் போல் நிற்கும். ஆயினும் படிப்பதற்கு எழுதியதைப் பார்க்கும் கண்ணால், பாடுவதற்கு எழுதியதைப் பார்த்தல் முறையன்று.

1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். அங்கே ஆங்கிலத்திலே அவர் தொடுத்த வாதங்கள் பல. தோட்டத்துரைமாரின் ஆட்சியைக் கண்டித்துப் பிளாண்டர் ராஜ் என்னும் ஆங்கில நூலையும் எழுதினார். ஆனால் காற்று அதற்குள் திசைமாறியிருந்தது. 1939இல் ஜவஹர்லால் நேரு வந்து சென்றதையொட்டித் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், அடுத்த ஆண்டே தொழிற்சங்கமும் அமைத்துத் தோட்டங்களிலே விரைந்து பரவிற்று. புதிய தலைவர்களின் பின்னே மக்கள் திரண்டனர். நடேசய்யரின் சம்மேளனம் மெலிந்தது. பலரையும் அணைத்துச் செல்லும் இயல்பு அவரிடம் குறைவு என்பாரும் உளர். தனியொருவரின் உழைப்பையே நம்பிய அமைப்பு அவ்வாறு மெலிதல் வியப்பன்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். பாதை வெட்டியவருக்கு அச்சபையிலே இடம் கிடைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே அவர் காலமானார். மறு ஆண்டு நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதைக் காண அவர் இருக்கவில்லை.

அவ்வெழுவருள் ஒருவராய்த் தலவாக்கலைக்குப் பிரதிநிதியாயிருந்த சி. வி. வேலுப்பிள்ளை, பின்னாளில் தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாரல்நாடன் 1988இல் நடேசய்யரின் வாழ்க்கை வரலாற்றை நூலாக்கி, மறக்கப்பட்டிருந்த பெயரை மீண்டும் மக்கள் நாவிலே கொண்டு வைத்தார். அன்னார் இருவரும் செய்த தொண்டினாலே சொற்கள் பிழைத்தன.

மெட்டுக்களின் நிலை வேறு. சுரம் எழுதாது, அறிந்த பாட்டின் பெயரை மட்டும் நம்பிய பாட்டுக்கு ஓர் இடர் உண்டு. அந்த மூலப்பாட்டு மறைந்தால் இதுவும் ஊமையாகிவிடும். 1930ஆம் ஆண்டுகளின் நாடகப் பாட்டுக்களும் படப் பாட்டுக்களும் பதிந்த பழைய இசைத்தட்டுக்கள் சேகரிப்போர் சிலரிடம் இன்னும் உள்ளன. அவற்றைக் கேட்டு, தோட்டத்துப் பாட்டுப் புத்தகங்களின் அடிகளோடு ஒப்பிட்டு, எவ்வடி எம்மெட்டிலே நின்றதென்று சுரப்படுத்தி எழுதுவது ஒரு மாணவர் குழாம் விடுமுறைக் காலத்திலே செய்துமுடிக்கக் கூடிய வேலை. லயத்திலே இருக்கும் முதியோருள் தம் தாயிடமிருந்து கேட்ட ஓரடியை இன்னும் முணுமுணுப்போர் எவரேனும் இருப்பரேல், முதலிலே அவரிடம் போக வேண்டும்.