அமரர் கல்கி

வாளும் வேலும் மோதும் சரித்திரக் கதைகளை விரும்பாத சிறுவர் உண்டோ? அத்தகைய கதைகளைத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தவர் அமரர் கல்கி. அன்னாரின் வரலாற்றை நாம் ஈண்டுக் காண்போம்.

தஞ்சைத் தரணியில், மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 9-9-1899இல் எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிருஷ்ணமூர்த்தி. திருச்சியில் உயர்நிலைப்பள்ளியில் பயின்றபோது, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. 1921இல், இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், நாட்டு விடுதலைக்காகப் பள்ளியைத் துறந்தார். மறு ஆண்டே சிறை புகுந்தார். 1930லும் 1941லும் மீண்டும் சிறையேகினார்.

பள்ளியை விட்டாரேயன்றி, கல்வியை அவர் விட்டாரில்லை. 1923இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் சேர்ந்து எழுத்துப்பணி பயின்றார். பின்னர் இராஜாஜியின் திருச்செங்கோடு ஆசிரமத்தில் தங்கி, குடியின் கொடுமையை எடுத்துரைத்த 'விமோசனம்' இதழுக்கு உழைத்தார். 'ஆனந்த விகடன்' ஆசிரியராகப் புகழ் பெற்ற அவர், 1941இல் நண்பர் சதாசிவத்துடன் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார்.

அவ்விதழில் வெளிவந்த 'சிவகாமியின் சபதம்' பழிவாங்கும் கதையாகும். வாதாபி மன்னன் புலிகேசி பல்லவ நாட்டைச் சூறையாடி, ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமியைச் சிறைப்பிடித்துச் செல்கிறான். வாதாபி தீக்கிரையாகும்வரை அந்நகரை விட்டு நீங்கேன் என அவள் சபதம் செய்கிறாள். ஆண்டுகள் பல கழிந்தபின் மாமல்லர், தளபதி பரஞ்சோதியுடன் படையெடுத்துச் சென்று அச்சபதத்தை நிறைவேற்றுகிறார். ஆயினும் சிவகாமி இன்பம் எய்தினாளா? இல்லை. மாமல்லர் அதற்குள் பாண்டிய இளவரசியை மணந்திருந்தார். சிவகாமி தன் ஆடற்கலையை இறைவனுக்கே அர்ப்பணிக்கிறாள். பழி தீர்ந்தாலும் இழந்த வாழ்வு திரும்பாது என்னும் உண்மையை இக்கதை நம் நெஞ்சில் பதிக்கிறது.

அதன்பின் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதினார். அக்கதையின் நாயகனான இராஜராஜ சோழனின் மைந்தன் இராஜேந்திரனே, நம் கெடா மாநிலமாகிய கடாரத்தின் மீது கப்பற்படை செலுத்தியவன்.

கல்கி 5-12-1954இல் மறைந்தார். அவருடைய 'அலை ஓசை'க்கு 1956இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

மாணவச் செல்வங்களே! நாடு அடிமைப்பட்டிருந்தமையால் அவர் பள்ளியைத் துறந்தார். சுதந்திர நாட்டில் வாழும் நமக்குப் படிப்பைப் பாதியில் நிறுத்தக் காரணம் ஏதுமில்லை. தேயிலைக் காட்டில் உழைத்துக் களைத்து, மலைக்குளிரில் வீடு திரும்பும் பெற்றோருக்கு, மாலைதோறும் கல்கியின் கதையில் ஒரு பக்கமேனும் வாசித்துக் காட்டுவோம். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி.