இன்டரப்ட்டுக்கு முதலில் பயந்தவர்: யார் இந்த டைக்ஸ்ட்ரா?

சிவகாசி, விருதுநகர் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு டைக்ஸ்ட்ரா என்றால் குறுகிய வழி கண்டுபிடிக்கிற அல்காரிதம்தான் ஞாபகம் வரும். ஆனா, அவர் வாழ்க்கையில் அதைவிட சுவாரஸ்யமானது 'இன்டரப்ட்' கதை.

அது என்ன இன்டரப்ட்? பட்டாசு ஆலையில் மருந்து கலந்துகொண்டிருப்பவரை போர்மேன் கூப்பிடுகிறார். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட முடியுமா? ஆபத்தில்லாத கட்டத்தில் நிறுத்தி, எது எவ்வளவு சேர்த்தோம் என்று குறித்துவைத்து, திரும்பிவந்து விட்ட இடத்தில் தொடர வேண்டும். கீபோர்டோ பிரின்டரோ கூப்பிடும்போது கம்ப்யூட்டர் செய்வதும் இதைத்தான்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930 மே 11-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார். 1957-ல் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனால், புரோகிராமர்னு ஒரு தொழிலே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இயற்பியலாளர் என்றுதான் எழுத வேண்டியிருந்தது!

அங்கே உடன் வேலை பார்த்த லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் இருவரும் எக்ஸ்-1 கம்ப்யூட்டரில் இன்டரப்ட் வைக்கலாம் என்றதும் டைக்ஸ்ட்ரா பதறினார். அது எந்த நொடியில் வரும் என்று தெரியாது. இன்று தப்பாக ஓடிய புரோகிராம் நாளை ஒழுங்காக ஓடிவிடும். மறுபடி வரவழைக்க முடியாத பிழையை எப்படித் திருத்துவது? சில மாதங்கள் இழுத்தடித்தார். கடைசியில் அந்த இருவரும் புகழ்ந்து பேசியே சம்மதிக்க வைத்தார்கள். ஓட்டிப் பார்த்து நம்புவதில் பயனில்லை, யோசித்தே உறுதிசெய்ய வேண்டும் என்று உட்கார்ந்தார். 1959-ல் வாங்கிய டாக்டர் பட்டமும் இந்த வேலைக்குத்தான்.

பிறகு ஐண்ட்ஹோவன் பல்கலைக்கழகத்தில் அடுக்கடுக்கான ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கட்டி, 1968-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கடிகார இன்டரப்ட்டை அடி அடுக்கே பார்த்துக்கொள்ளும். மேலே இருப்பவற்றுக்கு அந்தக் கவலையே இல்லை.

லினக்ஸ் கெர்னல் இன்றும் அந்த வழியில்தான் எளிமையாகிறது. ஒரு சாதனத்துக்கு இன்டரப்ட் எண் கிடைக்காவிட்டால் பிழைச் செய்தி எழுதும் வரிகளை டிரைவர்கள் தனித்தனியாக வைத்திருந்தன. 2019-ல் அந்தச் செய்தியைப் பொதுவான ஒரே இடத்தில் வைத்து, டிரைவர்களில் இருந்த வரிகளை நீக்கத் தொடங்கினார்கள். வரி குறைந்தால் தப்பு ஒளிந்துகொள்ள இடமும் குறையும், இல்லையா?

1972-ல் டியூரிங் விருது. 1984 முதல் 1999 வரை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2002 ஆகஸ்ட் 6-ல் நெதர்லாந்தில் காலமானார். எண் போட்டு அவர் எழுதிய குறிப்புகள் 1,300-ஐத் தாண்டும், பெரும்பாலும் ஃபவுண்டன் பேனாவில். இன்டரப்ட்டுக்குப் பயந்த கதையையும் கடைசிக் காலத்துக் குறிப்பு ஒன்றில் அவரே எழுதியிருக்கிறார்.