மாவாட்டியவர் நடத்திய ஓட்டல்

காரைக்காலிலிருந்து பிழைப்புக்காகச் சென்னை போன நம் கல்லூரி நண்பர்களுக்கு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தெரியாமல் இருக்காது. 1962-இல் அதைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவும் ஊரை விட்டு வந்தவர்தான். உடுப்பிப் பக்கம் ஏழைக் குடும்பம், தாய்மொழி தமிழல்ல. மாவாட்டுவது, பாத்திரம் கழுவுவது என்றுதான் ஆரம்பம். எங்கம்மா அரைத்த அதே தோசை மாவுதான், வீட்டில் அதற்கு யார் காசு கொடுத்தாங்க? இவர் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் நடத்தி, 1938-இல் ராயப்பேட்டையில் பெரிய பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். பங்களாவின் பெயரே ஓட்டலுக்கும் ஆச்சு: உட்லண்ட்ஸ். டிபன் கடைக்காரருக்கு அது பெரிய துணிச்சல்!

டிரைவ்-இன்னில் காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிடலாம். கார் இல்லாத நாங்கள் ஒரு காபியோடு மணிக்கணக்கில் பேசுவோம், யாரும் விரட்டியதில்லை. கிருஷ்ணராவ் 1990-இல் காலமானார். 2008-இல் டிரைவ்-இன்னும் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா.